பசை லாடம்: ஆணி அடிக்காமல் குதிரைக்கு லாடம் கட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பசை லாடம் என்று பேச்செடுத்தாலே இரண்டு கட்சி சேர்ந்துவிடும். ஆணி அடிப்பதே கொடுமை என்பவர்கள் ஒரு பக்கம். பசையெல்லாம் ஒரு வாரம் தாங்காது, ஏமாற்று வேலை என்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேச்சையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, குதிரையின் குளம்பு எப்படி இருக்கிறது, பசை எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து பதில் சொல்லப் பார்க்கிறேன்.

பசை லாடம் என்றால் என்ன?

குளம்புச் சுவரில் ஆணி இறக்காமல், பசையால் மட்டும் நிற்கும் லாடம். பெரும்பாலும் பாலியூரித்தேன் போன்ற வளையக்கூடிய பிளாஸ்டிக்கில் வார்த்திருப்பார்கள். உள்ளே ஒரு மெல்லிய உலோகத் தகடோ கம்பியோ வைத்த வகைகளும் உண்டு. அலுமினிய லாடத்தையே பசையால் ஒட்டுவதும் இதில் சேர்த்தி.

ஒட்டும் முறை இரண்டு. ஒன்று, லாடத்தின் மேற்பரப்பை நேராகக் குளம்பின் அடிவிளிம்பில் ஒட்டுவது. இன்னொன்று, லாடத்தோடு சேர்ந்த ஒரு பட்டையையோ சிறு நாக்குகளையோ குளம்புச் சுவரின் வெளிப்பக்கம் மேலே ஏற்றி ஒட்டுவது. இரண்டாவது முறையில் ஒட்டும் பரப்பு அதிகம், அதனால் பிடிப்பும் அதிகம். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் கால்நடை மருத்துவ மையத்தில் தலைமை லாடக்காரராக இருந்த ராப் சிகாஃபூஸ், பசையில் ஊறிய துணிப்பட்டையைச் சுவரில் சுற்றி ஒட்டும் லாடத்தை உருவாக்கினார். ஜெர்மனியில் ஹெல்முட் டால்மர் பிளாஸ்டிக் பட்டை வைத்த லாடங்களைக் கொண்டுவந்தார். இன்று சந்தையில் இருக்கும் பலவும் இந்த யோசனைகளின் வாரிசுகள்தான்.

ஆணி அடித்தால் குதிரைக்கு வலிக்குமா?

சரியாக அடித்தால் வலிக்காது. குளம்பின் வெளிச்சுவர் நம் நகத்தைப் போலக் கெரட்டினால் ஆனது. அதில் நரம்பும் இல்லை, ரத்தமும் இல்லை. அடியிலிருந்து பார்த்தால் சுவருக்கும் அடித்தட்டுக்கும் நடுவே வெளிறிய ஒரு கோடு தெரியும். ஆணி அந்தக் கோட்டுக்கு வெளியே இறங்கி, சுவரின் பக்கவாட்டில் வெளியே வர வேண்டும். அப்புறம் நுனியை முறித்து மடக்கிவிடுவார்கள்.

சிக்கல் வருவது கோட்டைத் தாண்டும்போதுதான். உள்ளே உயிருள்ள திசுவைக் குத்தினால் குதிரை அங்கேயே காலை இழுத்துக்கொள்ளும். சீழ் வைக்கவும் கூடும். குத்தாமல், ரொம்ப ஒட்டிப் போனாலும் உள்திசு நசுங்கி ஓரிரு நாளில் நொண்ட ஆரம்பிக்கும். கைதேர்ந்தவரிடம் இது அபூர்வம். ஆகவே 'ஆணி என்றால் வதை' என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. ஐரோப்பாவில் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஆணி லாடம் புழக்கத்தில் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது: மலிவு, பிடிப்பு உறுதி, பழுது பார்ப்பது சுலபம். 1835-இல் நியூயார்க் மாநிலத்தின் ட்ராய் நகரில் ஹென்றி பர்டன் லாடம் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதுவரை உலையடியில் ஒவ்வொன்றாக அடித்துச் செய்த பொருள் அதன்பின் ஆலையில் குவிந்தது. அந்த விலைக்கு இன்றுவரை வேறு எதுவும் போட்டி போட முடியவில்லை.

அப்புறம் எதற்குப் பசை?

எல்லாக் குளம்பிலும் ஆணி இறக்க இடம் இருக்காது என்பதுதான் முதல் காரணம்.

வளர்ந்த குதிரையின் குளம்புச் சுவர் மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளரும். முன்பக்கச் சுவர் மேலிருந்து தரைவரை புதிதாக வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். லாடத்தை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். ஒவ்வொரு லாடத்துக்கும் ஆறு முதல் எட்டு ஆணி. முந்தைய ஆணித்துளைகள் வளர்ந்து கீழே வருவதற்குள் அடுத்த வரிசை இறங்கிவிடுகிறது. சுவர் கெட்டியான குதிரைக்கு இது பொருட்டே இல்லை. சுவர் மெல்லியதாகவும் பொடியக்கூடியதாகவும் இருக்கும் குதிரைக்கு, அதுவும் தரோபிரெட் பந்தயக் குதிரைகளில் இந்தக் குறை அதிகம், துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து விளிம்பே பிய்ந்து வந்துவிடும். லாடம் கழன்று விழும்போது சுவரில் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு போகும். அடுத்த லாடத்துக்கு ஆணி இறக்க இடமே மிஞ்சாது. இப்படிச் சுழலில் மாட்டிய குதிரைக்குப் பசை ஒரு விடுப்பு: இரண்டு மூன்று முறை ஒட்டி ஓட்டினால் நல்ல சுவர் கீழே இறங்கிவிடும், பிறகு ஆணிக்கே திரும்பலாம்.

இரண்டாவது, சுத்தியல் அடியையே தாங்காத கால்கள். அடித்தட்டு மெலிந்தவை, லமினைட்டிஸ் (குளம்புக்குள் எலும்பைப் பிடித்திருக்கும் திசு வீங்கும் நோய்) வந்தவை, சுவரில் மேலிருந்து கீழாக வெடிப்பு விட்டவை. மூன்றாவது, குட்டிகள். இவற்றைத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

அதிர்வைத் தாங்கும், குளம்பு இயல்பாக விரிந்து சுருங்க இடம் கொடுக்கும் என்பதையும் விற்பவர்கள் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. இரும்பு கடினத் தரையில் மோதும்போது எழும் சுருக்கென்ற அதிர்வைப் பாலியூரித்தேன் கணிசமாக விழுங்கும். ஆனால் குளம்பின் விரிவு, ஒட்டியவர் பசையை எதுவரை பூசினார் என்பதைப் பொறுத்தது. குளம்பு விரிவது குதிகால் பக்கத்தில். அங்கேயும் தாராளமாகப் பசையைப் பூசிப் பூட்டிவிட்டால், லாடம் எவ்வளவு வளைந்தாலும் பயன் குறைவு. ஆணி அடிப்பவர்களும் இதே காரணத்துக்காகத்தான் குளம்பின் அகலமான இடத்தைத் தாண்டிப் பின்னால் ஆணி வைக்க மாட்டார்கள்.

எந்தப் பசையை ஒட்டுகிறார்கள்?

மூன்று குடும்பம். முதலாவது மெத்தில் மெத்தாக்ரிலேட், சுருக்கமாக அக்ரிலிக். பல்செட் செய்யவும், மூட்டு அறுவையில் எலும்புச் சிமெண்டாகவும் பயன்படுவது இதே இனம்தான். ஈக்விலாக்ஸ் என்ற பெயரில் கிடைப்பது இந்த வகை. பிடிப்பு மிக உறுதி, உடைந்த சுவரைக் கட்டி எழுப்பவும் உதவும். ஆனால் உறைய ஐந்து முதல் பத்து நிமிடம் எடுக்கும்; அதுவரை குதிரை காலை அசைக்கக் கூடாது. உறையும்போது சூடும் ஆகும். தடிமனாகப் பூசினால் சூடு இன்னும் ஏறும்.

இரண்டாவது பாலியூரித்தேன், வெட்டெக் நிறுவனத்தின் பசைகள் பரவலாகத் தெரிந்தவை. ஓரிரு நிமிடத்தில் இறுகிவிடும், சற்று வளைந்து கொடுக்கும். இதற்கு ஈரம்தான் பகை: தண்ணீர் பட்டால் நுரைத்துப் பொங்கி, பார்க்கக் கெட்டியாகவும் உள்ளே பஞ்சாகவும் நின்றுவிடும்.

மூன்றாவது சயனோஅக்ரிலேட். நம் வீட்டில் இருக்கும் ஃபெவிக்விக் இந்த இனம். நாக்கு வைத்த லாடங்களுக்கும் பட்டை லாடங்களுக்கும் உதவும், ஆனால் இடைவெளியை நிரப்பாது. இரண்டு பரப்பும் கச்சிதமாகப் பொருந்தினால்தான் பிடிக்கும். கடையில் வாங்கிய ஃபெவிக்விக்கையே ஊற்றலாமா என்று கேட்டுவிடாதீர்கள். நொறுங்கும் தன்மை கொண்ட அந்தப் பசை ஐந்நூறு கிலோ விலங்கின் ஒவ்வோர் அடிக்கும் தாங்காது.

ஒட்டும் வேலை எப்படி நடக்கிறது?

பசை லாடத்தின் வெற்றி தோல்வி இங்கேதான். கழன்று விழுந்த லாடத்தை எடுத்துப் பாருங்கள். பசை லாடத்தோடு பத்திரமாக இருக்கும், குளம்பின் பக்கம் வழவழவென்று விட்டுப் போயிருக்கும். பெரும்பாலும் பசையின் குற்றமல்ல. குளம்பைத் தயார் செய்ததில் குறை.

முதலில் குளம்பை வழக்கம்போல வெட்டிச் சமன் செய்கிறார்கள். பிறகு பசை இல்லாமலேயே லாடத்தை வைத்துப் பொருத்தம் பார்த்து, தேய்க்க வேண்டியதைத் தேய்த்து, எங்கே உட்கார வேண்டும் என்று கோடு போட்டுக்கொள்கிறார்கள். பசை வெளியே வந்தபின் யோசிக்க நேரம் கிடையாது, அதனால் யோசனையெல்லாம் இந்தக் கட்டத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

அடுத்து வெளிச்சுவரின் பளபளப்பை எடுக்க வேண்டும். அரத்தின் நுண்பக்கத்தாலோ 80-ஆம் எண் உப்புத்தாளாலோ லேசாகத் தேய்த்து, மண்ணும் பழைய எண்ணெயும் தங்கிய மேல்தோலை நீக்குகிறார்கள். ஆழமாகச் சுரண்டிச் சுவரை மெலியவைப்பது புதியவர்கள் செய்யும் தப்பு. அப்புறம் கம்பித் தூரிகையால் அடிப்பக்கத்தைச் சுத்தம் செய்து, தூசியைத் தட்டுகிறார்கள்.

அப்புறம் உலர்த்துதல். குளம்புக்குள்ளேயே ஈரம் இருக்கிறது. தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், பசை போட்டால் பிடிக்காது. வெப்பக்காற்று ஊதும் துப்பாக்கியையோ சிறிய கேஸ் சுடரையோ ஓர் இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே காட்டினால் பரப்பு வெளிறிச் சுண்ணாம்புபோல ஆகும். அதுதான் அடையாளம். அதற்குப் பிறகு வெறும் விரலால் ஒருமுறை தொட்டாலும் போச்சு. விரலின் எண்ணெய்ப்பசை போதும் ஒட்டைக் கெடுக்க. கையுறை மாற்றுவதில் கஞ்சத்தனம் கூடாது. குதிரை ஈரத்தரையில் காலை வைத்துவிட்டால் தேய்ப்பதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். இதனால்தான் நல்ல லாடக்காரர் வேலைக்கு முன் தரையைக் கூட்டி, காய்ந்த ரப்பர் விரிப்பு போடுவார்.

லாடம் ஒட்டுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே குளம்புக்கு எண்ணெய், தைலம் எதுவும் பூசாதீர்கள். அன்று காலை குதிரையைக் குளிப்பாட்டவும் வேண்டாம். அழகாக நிற்கட்டும் என்று குளிப்பாட்டி எண்ணெய் பூசிக் கொண்டுவந்து நிறுத்துவதைப் போல லாடக்காரருக்குக் கோபம் வரவழைப்பது வேறில்லை.

பசை இரட்டைக் குழாயில் வரும். இரண்டும் ஒரு நுனிக்குழலுக்குள் கலந்து வெளியே வரும். முதலில் வரும் சிறிது பசை சரியாகக் கலந்திருக்காது, அதைத் தாளில் பிழிந்து தள்ளிவிட வேண்டும். லாடத்தில் பூசி, கோட்டில் உட்காரவைத்து, சுவர் ஓரமாகப் பசையை விரலால் சீராக இழுத்து, சிலர் சமையலறையில் உணவு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி இறுக்கிப் பிடிப்பார்கள். பசை வழுவழுப்பாகவும் நெருக்கமாகவும் உறையும். அடித்தட்டிலும், நடுவில் லாடக்காரர்கள் ஃப்ராக் என்று சொல்லும் ரப்பர் போன்ற முக்கோண மெத்தையிலும் பசை வழியக் கூடாது. அங்கே கட்டியாக உறைந்தால் செருப்புக்குள் கல் மாட்டிய கதைதான். அதைத் தடுக்க அடியில் மெத்தைப் பொருள் ஏதாவது அடைப்பது உண்டு. கிருமி சேராமல் இருக்க அதில் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், கலப்பவர்களும் இருக்கிறார்கள்.

கடைசியாக விளிம்பை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். இன்னொரு காலின் குளம்பு மிதித்து மாட்டிக்கொள்ளும் அளவுக்கு விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தால், எந்தப் பசையும் காப்பாற்றாது.

எத்தனை நாள் தாங்கும்?

நன்றாக ஒட்டியது ஐந்து முதல் ஏழு வாரம். அதற்கு மேலும் நிற்கும், ஆனால் நிற்கவிடக் கூடாது. குளம்பு வளர வளர லாடம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும், முன்நுனி நீண்டு தசைநாண்களுக்குச் சுமை ஏறும். ஆணி லாடத்துக்கும் இதே விதிதான். 'இன்னும் கெட்டியாகத்தானே இருக்கிறது' என்று பத்து வாரம் விட்டுவைப்பவர்கள் குதிரையின் காலைக் கொடுத்து லாடத்தின் காசை மிச்சம் பிடிக்கிறார்கள்.

கழற்றுவது எப்படி? பிய்த்தால் சுவரும் வருமா?

பிய்த்தால் வரும். அதனால் பிய்க்கக் கூடாது. சுவரின் வெளிப்பக்கம் பசை மூடியிருக்கும் இடத்தை அரத்தால் தேய்த்து, லாடமும் குளம்பும் சேரும் கோடு கண்ணுக்குத் தெரியும்வரை கொண்டுவர வேண்டும். பிறகு குதிகால் பக்கத்திலிருந்து குறட்டால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினால் விட்டுவிடும். சுவரில் மிஞ்சிய பசையை முழுவதும் சுரண்டி எடுக்கத் தேவையில்லை. இறுக்கமாக ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தை விட்டுவிட்டு, அதன்மேலேயே அடுத்ததை ஒட்டுவது சுவருக்கு நல்லது.

பந்தயம், நெடுந்தூர ஓட்டம் இதற்கெல்லாம் தாங்குமா?

தாங்கும். இதற்குச் சாட்சி உண்டு. 2008-இல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களில் முதல் இரண்டான கென்டக்கி டெர்பியையும் ப்ரீக்னஸையும் வென்ற பிக் பிரவுன் என்ற குதிரைக்குக் குளம்புச் சுவர்ப் பிரச்சினை பெயர் போனது. முன்கால்களில் பசை லாடத்தோடுதான் அது ஓடியது. மூன்றாவது பந்தயமான பெல்மான்டுக்கு முன் முன்னங்காலில் வெடிப்பு விட்டு, அதைக் கம்பியால் தைத்துச் சரிசெய்த செய்தி தினமும் பத்திரிகைகளில் வந்தது. அந்தப் பந்தயத்தில் அது கடைசியாகத்தான் முடித்தது. பிறகு வெளியான புகைப்படங்களில் பின்னங்கால் லாடம் ஒன்று விலகியிருந்தது தெரிந்தது. எல்லாரும் முன்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நெடுந்தூர ஓட்டத்தில் பசையின் செல்வாக்கு இன்னும் அதிகம். கலிஃபோர்னியாவில் 1955 முதல் நடக்கும் டெவிஸ் கோப்பை ஓட்டத்தில் சியரா நெவாடா மலையைத் தாண்டி ஆபர்ன் நகர்வரை நூறு மைல், அதாவது சுமார் 160 கிலோமீட்டர், 24 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். கல்லும் பாறையும் நிறைந்த வழி. 2012-இல் அதை வென்ற காரெட் ஃபோர்ட், ஈஸிபூட் என்ற ஒட்டும் குளம்புறை செய்யும் நிறுவனத்தின் தலைவர். தன் சரக்கைப் போட்டுத்தான் ஓட்டினார். விளம்பரத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த ஓட்டக்காரர்கள் பலர் ஓட்டத்துக்குச் சில நாள் முன் ஒட்டி, முடிந்ததும் கழற்றிவிடுகிறார்கள். ஆறு வாரம் நிற்க வேண்டிய லாடத்துக்கு அந்த அனுபவம் அப்படியே பொருந்தாது.

பந்தயக் களத்தில் ஓட்டுவதானால் அந்தக் களத்தின் லாட விதிகளை முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

வழுக்குமா?

ஈரப்புல்லில் வழுக்கும். பிளாஸ்டிக்கின் பெரிய குறை இதுதான். தார்ச்சாலையிலும் பாறையிலும் இரும்பைவிட நன்றாகப் பிடிக்கும். ஈரப்புல்லிலும் களிமண்ணிலும் ஆழமான வரிப்பள்ளமோ திருகாணிப் பிடிகளோ இல்லாவிட்டால் ஆபத்து. தடை தாண்டும் குதிரைக்குப் போடுவதானால் பிடிகள் பொருத்த இடம் விட்ட வகையைத் தேடுங்கள்.

எடை குறைவா?

ஆமாம். இரும்பின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு. பாலியூரித்தேனுடையது தண்ணீரைவிடச் சற்றே அதிகம். பிளாஸ்டிக் லாடத்தைத் தடிமனாகச் செய்தாலும் இரும்பைவிட லேசாகவே இருக்கும். காலின் நுனியில் குறையும் ஒவ்வொரு கிராமும் ஓடும் குதிரைக்குத் தெரியும்.

திரும்பத் திரும்ப ஒட்டினால் குளம்பு கெடுமா?

கெடலாம். இந்தக் கேள்விக்கு விற்பவர்கள் நேராகப் பதில் சொல்வதில்லை. ஒவ்வொரு முறையும் சுவரைத் தேய்க்கிறோம், ஏற்கனவே மெல்லிய சுவர் இன்னும் மெலியும். பசைக்கு அடியில் காற்றுப் படாமல் ஈரமும் கிருமியும் அடைந்தால், லாடத்தைக் கழற்றும்போது சுவர் மெத்தென்று நாற்றத்தோடு இருக்கும். ஃப்ராக்கின் பள்ளங்களில் கறுத்த அழுகல் வரும். இடையில் சில வாரம் வெறுங்காலோடு விட்டு, காய்ந்த இடத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆணிக்கு ஒரு குறை, பசைக்கு இன்னொரு குறை. எந்தக் குறையை உங்கள் குதிரையின் குளம்பு தாங்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

லமினைட்டிஸ் வந்த குதிரைக்கு உதவுமா?

குளம்புக்குள் இருக்கும் எலும்பைச் சுவரோடு பிடித்து நிறுத்துவது மெல்லிய மடிப்புத் திசுக்கள். அவை வீங்கிப் பலவீனமாவதுதான் லமினைட்டிஸ். முற்றினால் எலும்பு உள்ளேயே சுழன்றோ இறங்கியோ போய்விடும். ஒரு கால் முறிந்த குதிரை மற்ற காலில் முழு எடையையும் போட்டு நிற்பதால் அந்தக் காலிலும் வரும். 2006-இல் கென்டக்கி டெர்பியை வென்ற பார்பாரோ என்ற குதிரை, அடுத்த பந்தயத்தில் கால் முறிந்து, அறுவையில் தேறிவந்த நிலையில் லமினைட்டிஸால்தான் 2007 ஜனவரியில் கருணைக்கொலைக்கு ஆளானது.

இந்தக் காலில் சுத்தியலால் அடிப்பது சித்திரவதை. பசை லாடம் இங்கே உண்மையிலேயே பெரிய உதவி: அடிக்கத் தேவையில்லை, குதிகாலை உயர்த்தியோ முன்நுனியைப் பின்னிழுத்தோ தேவைக்கேற்ப வைக்கலாம், அடியில் மெத்தை அடைக்கலாம். ஆனால் லாடம் மருந்தல்ல. எக்ஸ்ரே எடுத்து எலும்பு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பார்த்தபின், கால்நடை மருத்துவரும் லாடக்காரரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டிய வேலை இது. தீவனம், உடல் எடை, நோய்க்கு மூலமான ஹார்மோன் கோளாறு ஆகியவற்றைக் கவனிக்காமல் லாடத்தை மட்டும் மாற்றுவதில் பிரயோசனமில்லை. நோய் கடுமையாக இருக்கும் முதல் நாட்களில் லாடமே வேண்டாம், மெத்தென்ற தரைதான் வேண்டும்.

பிறந்த குட்டிக்கு ஒட்டுகிறார்களே, எதற்கு?

கால் கோணலாகப் பிறக்கும் குட்டிகளுக்கு. முழங்கால் உள்நோக்கி வளைந்திருந்தால் குளம்பின் உள்பக்கம் நீட்டிய லாடமும், வெளிநோக்கி வளைந்திருந்தால் வெளிப்பக்கம் நீட்டியதும் ஒட்டுவார்கள். எடை விழும் இடம் மாறும். எலும்பு வளரும் தட்டுகள் இளகியிருக்கும் பருவத்தில் அந்த அழுத்தமே காலை நேராக்க உதவும். குட்டியின் சுவர் மிக மெல்லியது, ஆணிக்கு இடமே கிடையாது. குளம்புக்கு அருகில் உள்ள மூட்டின் வளைவுக்கு முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் செய்தாக வேண்டும். அதன்பின் அங்கே வளர்ச்சி பெரும்பாலும் முடிந்துவிடும்.

ஒன்று முக்கியம்: குட்டியின் குளம்பு வேகமாக வளரும். சுற்றிப் பிடித்த பட்டையை 10 முதல் 14 நாளுக்கு மேல் விட்டால் குதிகால் நெருங்கிச் சுருங்கிவிடும். பெரிய குதிரைக்குப் போல ஆறு வாரக் கணக்கு இங்கே செல்லாது.

நானே ஒட்டிக்கொள்ளலாமா?

ஒட்டுவதைக் கற்றுக்கொள்ளலாம். கஷ்டம் அதற்கு முன்னால் இருக்கிறது: குளம்பை எவ்வளவு வெட்ட வேண்டும், எந்தக் கோணத்தில் சமன் செய்ய வேண்டும் என்பது வருடக்கணக்கில் வரும் கைப்பழக்கம். கோணலாக வெட்டிய குளம்பில் எவ்வளவு அழகாக ஒட்டினாலும் கோணல்தான் ஆறு வாரம் நிற்கும். லாடக்காரர் வெட்டித் தந்து, நீங்கள் ஒட்டுவது என்ற ஏற்பாடு பல இடங்களில் நடக்கிறது. அது நல்ல வழி.

உங்கள் உடம்பையும் பாருங்கள். அக்ரிலிக்கின் ஆவி காட்டமானது, தீப்பிடிக்கும். வெப்பத் துப்பாக்கியையும் கேஸ் சுடரையும் அணைத்தபிறகுதான் பசையைத் திறக்க வேண்டும். தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரும், வந்தால் வாழ்நாள் முழுக்க இருக்கும். அது மெல்லிய கையுறையை ஊடுருவும் என்பதால் அடிக்கடி மாற்ற வேண்டும். பாலியூரித்தேனில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைத் தூண்டும். காய்ந்த பசையை அரைக்கும்போது முகக்கவசம் போடுங்கள். காற்றோட்டம் இல்லாத லாயத்தில் செய்யாதீர்கள்.

செலவு?

இரும்பு லாடத்தைவிடப் பெரும்பாலும் இரண்டு மடங்குக்கு மேல். லாடத்தின் விலையைவிடப் பசையும் நேரமும்தான் காசு. கழற்றிய பிளாஸ்டிக் லாடத்தை மறுபடி ஒட்ட முடியுமா என்றால், சில வகைகளைத் தேய்மானம் பார்த்து இன்னொரு முறை பயன்படுத்தலாம். இரும்பு லாடத்தையும் அப்படித் திரும்ப அடிப்பது உண்டு என்பதால் இதில் பெரிய ஆதாயம் இல்லை.

நம் ஊர் வெயிலிலும் மழையிலும் பசை நிற்குமா?

உறைந்து முடிந்த பசைக்கு வெயிலால் பெரிய ஆபத்தில்லை. ஒட்டும் நேரத்தில்தான் கவனம் வேண்டும். 38 டிகிரி வெயிலில் பசை குழாயிலேயே இறுக ஆரம்பிக்கும். லாடத்தை நேராக்குவதற்குள் கையில் கல்லாகிவிடும். காலை ஆறு ஏழு மணிக்கு நிழலில் வைத்து, பசைக்குழாயை ஐஸ்பெட்டியில் (ஐஸில் படாமல்) குளிர்ச்சியாக வைத்திருந்து ஒட்டுங்கள். குளிர்நாடுகளில் இதற்கு நேர்மாறாகக் குழாயைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு வருவார்கள். கடற்கரை ஊர்களில் காற்றின் ஈரம் அதிகம் என்பதால் உலர்த்தலுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். தொடர் மழையில், சேற்றிலேயே நிற்கும் குதிரைக்கு ஒட்டுவதைத் தள்ளிப்போடுங்கள். பசையின் காலாவதித் தேதியையும் பாருங்கள். இறக்குமதிச் சரக்கு கிடங்கில் எந்த வெப்பத்தில் கிடந்தது என்பது பெட்டியில் எழுதியிருக்காது.

லாடமே இல்லாமல் விட்டால் என்ன?

முடிந்தால் அதுவே சிறப்பு. மென்மையான தரையில் லேசாக ஓடும் குதிரைக்கு ஒழுங்காக வெட்டிய வெறுங்குளம்பு போதும். கல் வழிக்குப் போகும்போது மட்டும் கழற்றி மாட்டும் குளம்புறை போடலாம். ரோமானியர்களும் குளம்பில் கட்டிக் கழற்றும் உலோகப் பாதுகை வைத்திருந்தார்கள். குளம்புறை நழுவி உரசிப் புண்ணாக்கும் குதிரைக்கும், நாள் முழுக்க வேலை செய்யும் குதிரைக்கும் ஒட்டியது வசதி.

பிளாஸ்டிக் குப்பை சேராதா?

சேரும். தேயும் பாலியூரித்தேன் துகள் மண்ணில்தான் விழுகிறது. கழற்றிய லாடமும் பசைக்குழாயும் குப்பைக்குத்தான் போகும். இரும்பு லாடம் பழைய இரும்புக் கடைக்குப் போய் உருகி மறுபடி வரும். இந்த ஒன்றில் இரும்பை வெல்ல ஆளில்லை.

மாட்டுக்கு இப்படி ஒட்டலாமா?

ஒட்டுகிறார்கள், ஆனால் வேறு காரணத்துக்கு. மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்தது. அதனால்தான் வண்டி மாட்டுக்கு ஒரு காலுக்கு இரண்டு தகடாக லாடம் அடிக்கிறார்கள். குளம்புச் சுவரும் குதிரையுடையதைவிட மெல்லியது. கறவை மாடுகளுக்குப் பின்னங்காலின் வெளிக்குளம்பில் அடிப்புண் வருவது சகஜம். அப்போது நல்ல நிலையில் இருக்கும் உள்குளம்பின் அடியில் ஒரு மரக்கட்டையையோ பிளாஸ்டிக் கட்டையையோ ஒட்டிவிட்டால், மாடு அதன்மேல் நிற்கும். புண்பட்ட குளம்பு தரையில் படாமல் தூக்கலாக நின்று ஆறும். பசை அதே அக்ரிலிக்கோ பாலியூரித்தேனோதான், உலர்த்தலும் தேய்த்தலும் அதே முறைதான். கட்டை குதிகாலுக்கும் தாங்கல் தரும்படி பின்னால் வரை நீண்டிருக்க வேண்டும், முன்னால் மட்டும் நின்றால் மாடு பின்னுக்குச் சாய்ந்து புதிய வலி வரும். புண் இல்லாத குளம்புதானா என்று அழுத்திப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள். இரண்டிலும் புண் இருந்தால் கட்டை கூடாது. நான்கு முதல் ஆறு வாரத்தில் தானாகத் தேய்ந்து விழவில்லை என்றால் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு எடுத்துவிடுங்கள்.